ஊறப்போட்ட மரம்

கும்பகோணத்தில் மீன்தொட்டி விற்கிற கடைக்குள் போனால் ஒரு மூலையில் மரக்கட்டைகள் குவிந்து கிடக்கும். வேர்த் துண்டுகள், கிளைத் துண்டுகள், நடுவில் ஓட்டை விழுந்த அடிக்கட்டைகள். பலவும் மலேசியா, இந்தோனேசியா பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவை. எடை போட்டு விலை சொல்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் மாறுவதில்லை. தண்ணீர் பழுப்பாகுமா? கட்டை மிதக்குமா? மேலே வெள்ளையாக ஏதோ படிகிறதே, அது என்ன? மீன் செத்துப்போகுமா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் காவிரிக் கரைக் கிராமங்களில் பதில் இருந்தது. மரத்தைத் தண்ணீருக்குப் பழக்குவது இந்த மண்ணின் பழைய வேலை. அதைச் செய்தவர்கள் எழுதி வைக்கிற வழக்கமுள்ளவர்கள் இல்லை; அதனால் அந்த அறிவு அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

நான் தச்சு ஆசாரி மகள். திருவிடைமருதூர்ப் பக்கம் சொந்த ஊர். அரசுப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றிருக்கிறேன். அப்பாவின் பட்டறையில் காதில் விழுந்ததும், நான் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் ஒன்றுக்கொன்று பொருந்துவதை என் வீட்டு மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்துதான் உணர்ந்தேன்.

வீடு கட்டவோ வண்டி செய்யவோ ஏர் செய்யவோ மரம் வெட்டினால், அந்தக் காலத்தில் நேராகப் பட்டறைக்குக் கொண்டுவர மாட்டார்கள். குளத்துக்குத்தான் முதலில் போகும். பூவரசு, வேம்பு, மா, கருவேலம், தென்னை, பனை, மூங்கில் எல்லாவற்றுக்கும் அதே வழி. தேய்பிறையில் வெட்டுவார்கள். கிளை கழித்து, பட்டை உரித்து, யாருடைய கட்டை என்று தெரிய அடிப்பக்கம் உளியால் ஒரு குறி செதுக்கி, நாலு பேர் உருட்டிக்கொண்டு போய்த் தண்ணீரில் தள்ளுவார்கள். மேலே எழும்பாமலிருக்கக் குறுக்கே கழி கொடுத்து முளையடிப்பார்கள். இல்லையென்றால் கல் ஏற்றுவார்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்து குளம் நிறைந்ததும் ஆடி, ஆவணியில் போட்டால், பங்குனி, சித்திரையில் குளம் வற்றும்போது எடுப்பது வழக்கம். பெரிய தூலமாக இருந்தால் இன்னொரு தண்ணீரும் பார்க்கும். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்த பிறகு ஜூன் 12 திறப்பு, ஜனவரி 28 அடைப்பு என்று ஆற்றுக்கு ஒரு நாட்கணக்கு ஏற்பட்டது. ஊறப்போட்ட கட்டைகளும் அந்தக் கணக்குக்குள் வந்துவிட்டன. வெளியே எடுத்த கட்டையை வெயிலில் போட மாட்டார்கள். புளியமரத்தடியிலோ மாட்டுக்கொட்டகை ஓரத்திலோ அடியில் குறுக்குக்கட்டை கொடுத்து, காற்று நுழைய அடுக்கி வைப்பார்கள். வெயில் பட்டால் மேற்புறம் முந்திக் காய்ந்து வெடித்துவிடும்.

எதற்காக இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன்.

"மரத்துக்குள்ள இருக்கிற இனிப்பு எறங்கணும் பாப்பா. இனிப்பு இருக்கிற வரைக்கும் வண்டு தேடிக்கிட்டு வரும். தண்ணி அத்த எல்லாம் உறிஞ்சிடும். அப்பறம் வண்டுக்கு அங்க என்ன வேல?"

பாடப்புத்தகத்துக் கணக்கும் இதேதான். உயிருள்ள மரம் தன் வெளிப்பக்கத்து வெள்ளை மரத்தில் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் சேர்த்து வைக்கிறது. மரத்தை அரித்து மாவாகக் கொட்டும் வண்டின் புழு அந்த மாவுச்சத்தை நம்பித்தான் பிழைக்கிறது. தண்ணீரில் ஊறும்போது சர்க்கரை கரைந்து வெளியேறுகிறது. மாவுச்சத்தைக் குளத்து நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கின்றன. மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. ஊறப்போடாத மூங்கிலில் வேய்ந்த கூரையிலிருந்து ஒரே வருஷத்தில் மஞ்சள் மாவு கொட்டத் தொடங்கிவிடும். வைரம் பாய்ந்த நடுமரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே மாவுச்சத்துக்குப் பதில் துவர்ப்புச் சத்து ஏறியிருக்கும்.

இன்னொரு விதியை அப்பா கண்டிப்பாகச் சொல்லுவார். கட்டை முழுக்க மூழ்க வேண்டும், அல்லது முழுக்க வெளியே இருக்க வேண்டும். பாதி உள்ளே பாதி வெளியே கிடந்தால் நீர்மட்டம் தொடுகிற இடத்தில் அழுகிவிடும். மரத்தை அழிக்கிற பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்றில்லை, உலர்ந்த இடத்தில் ஈரமில்லை. இரண்டும் கூடுகிற இடம் அந்த ஒரு சாண் அகலம்தான். கிளையின் நுனி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்படி அழகுக்காக வைத்த மீன்தொட்டிக் கட்டைகளும் முதலில் மெத்தென்று ஆவது சரியாக அந்த மட்டத்தில்தான்.

எங்கள் ஊரில் குடிக்க ஒரு குளம், குளிக்க ஒரு குளம், மாட்டுக்கு ஒரு குளம். கட்டை போடுவது மாட்டுக்குளத்தில் மட்டும். குடிக்கிற குளத்துக்கு யாரும் கட்டையை உருட்டிக்கொண்டு போனதில்லை. பச்சை மரம் ஊறத் தொடங்கியதும் சுற்றியுள்ள தண்ணீர் கறுத்து, கிட்டே போனால் வீச்சம் அடிக்கும். கீற்று முடைவதற்குத் தென்னமட்டையை ஊறப்போட்ட வாய்க்காலிலும் அந்த வீச்சத்தை லேசாக முகரலாம். அதன் கடுமையை உணர வேண்டுமானால் கயிறு திரிக்கத் தேங்காய் மட்டை ஊறவைத்த குட்டைக்குப் போக வேண்டும். மட்டையைக் கட்டியிருக்கும் பசையை நுண்ணுயிர்கள் மாதக்கணக்கில் தின்கின்றன. தண்ணீரில் இருந்த காற்று தீர்ந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு கிளம்புகிறது. கேரளத்துக் காயல்களில் மட்டை ஊறவைத்த பகுதிகளில் மீன்வளம் குன்றிப்போனதைப் பற்றி ஆய்வுகளே உண்டு. ஒரு குளம் எத்தனை கட்டை தாங்கும் என்கிற கணக்கு ஊரில் பெரியவர்கள் கையில் இருந்தது. சிறிய கண்ணாடித் தொட்டிக்குள் பச்சைக் கட்டையைத் திணிக்கிறவர் கையில் அந்தக் கணக்கு இல்லை.

ஊறத் தொடங்கிச் சில வாரம் போனபின் அந்தக் கட்டைகள் வேறொன்றாக மாறும். முதலில் வழவழவென்று வெள்ளைப் படலம். பிறகு பச்சைப் பாசி. பாசியை மேய நத்தை. நத்தைக்கும் பாசிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத புழு பூச்சிகள். அவற்றைத் தேடிக் கெண்டைக் குஞ்சும் அயிரையும் உளுவையும். இடுக்கு கிடைத்தால் கெளுத்தி. அடியில் சேறு இருந்தால் குறவை, விரால். பங்குனியில் கட்டை எடுக்கிற அன்று பிள்ளைகள் எல்லோரும் கரையில் நிற்போம். பனங்கட்டையின் உள் சோறு அழுகிக் குழலாகிப் போயிருக்கும். அதைத் தூக்கிச் சாய்த்தால் உள்ளேயிருந்து மீன் விழும். மீன் இருப்பதற்கு மரம் வேண்டும் என்கிற பாடத்தை எனக்கு அந்தக் கரைதான் முதலில் நடத்தியது.

மரத்தைப் பழக்குவதற்காக அல்லாமல் தண்ணீரின் குணத்துக்காகவே போடுகிற வழக்கமும் இருந்தது. உப்புக்கரித்த கிணற்றில் நெல்லிக்கட்டை போடுவார்கள். கிணறு வெட்டும்போதே அடியில் நெல்லி மரத்தால் வளையம் கட்டி இறக்குகிற ஊர்களும் உண்டு. நெல்லியின் துவர்ப்பு தண்ணீரில் மெல்ல இறங்கி நாக்குக்குச் சுவையை மாற்றிக் காட்டும். ஆற்றில் புதுத்தண்ணீர் செக்கச்செவேலென்று வரும் நாட்களில் பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை இழைத்துவிட்டு அதன்மேல் தண்ணீரை ஊற்றுவாள் என் அத்தை. விடிவதற்குள் வண்டல் அடியில் தங்கி, மேலே தெளிந்திருக்கும். தண்ணீரில் மிதக்கும் மண் துகள்களைக் கொட்டையின் பசை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்கி இறக்குகிறது. மரத்திலிருந்து இறங்குகிற சத்து தண்ணீரை மாற்றும் என்பது இங்கே அடுப்படிவரைக்கும் தெரிந்த செய்தி.

மீனுக்காகவே மரம் போட்ட வழக்கத்தையும் சொல்ல வேண்டும். குளத்தில் மீன் வளர்ந்து வரும் மாதங்களில் கருவேல முள்ளை வெட்டிக் கட்டுக்கட்டாகத் தண்ணீருக்குள் தள்ளுவார்கள். இரவில் திருட்டு வலை வீசுகிறவனுக்கு வலை கிழியும். குஞ்சுகளுக்கு ஒதுங்க இடம். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் கண்டல் மரக் கிளைகளை வட்டமாக நட்டு, மீன் வந்து தங்கியதும் வலையால் வளைத்துப் பிடிக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டுக் காயல்களிலும் இதே முறை உண்டு, அங்கே அதற்கு அக்காஜா என்று பெயர். வெவ்வேறு நாட்டு மூன்று கரைக்காரர்களும் மீனின் மனசை ஒரே மாதிரி படித்திருக்கிறார்கள்.

மேட்டூருக்கு முந்தைய காவிரி மரத்தைத் தானே கொண்டுவந்து கொடுத்தது. 1924ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பற்றி எங்கள் தாத்தா சொல்லும்போது தண்ணீரைவிட மரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசுவாராம். வேரோடு பெயர்ந்த மரங்கள் வேரும் கிளையும் மாறி மாறி மேலே தெரியப் புரண்டுகொண்டு வரும். துணிந்தவர்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்து, கட்டையைக் கரைக்கு ஒதுக்குவார்கள். ஆற்றில் அடித்து வந்த கட்டைக்குத் தச்சர்களிடம் தனி மதிப்பு. பட்டை போய், வெள்ளை தேய்ந்து, வைரம் மட்டும் மிஞ்சியிருக்கும். அணை வந்தபின் மேலேயிருந்து வருகிற மரங்களுக்கு நீர்த்தேக்கம் தடையாக நின்றது. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து இரண்டு லட்சம் கனஅடி அளவுக்குத் திறந்துவிட்டு, 22ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போனபோது, கொள்ளிடத்து மணல்திட்டுகளில் மறுபடியும் அப்படிப்பட்ட கட்டைகளைப் பார்த்தேன். என் தொட்டியின் நடுவே இருக்கும் வேர்த்துண்டு அங்கே எடுத்தது. அதே வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டது. அங்கே கிடந்த மரங்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு பல நாள் எனக்குத் தொட்டிப் பக்கம் போகவே மனமில்லை.

மீனையும் மரத்தையும் சேர்த்து இந்தக் கரையிலிருந்து உலகத்துக்குப் போன முதல் செய்திகளில் ஒன்று தரங்கம்பாடியிலிருந்து போனது. டேனிஷ் கம்பெனியின் ராணுவ அதிகாரி டால்டார்ஃப், 1791 நவம்பரில், ஒரு குளத்தங்கரைப் பனையின் வெடிப்பில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் 1797இல் அது வெளிவந்தது. நம் பனையேறிக் கெண்டைதான். அது உண்மையிலேயே பனை ஏறுமா, பறவை கொத்திக்கொண்டு போய்ப் போட்டதா என்று பின்னால் வந்தவர்கள் நீண்ட காலம் விவாதித்தார்கள். செவுளின் முள்ளை ஊன்றித் தரையில் நகரும், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அதே தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான், இந்தக் கரையோர மீன்களைச் சாராயத்தில் போட்டு பெர்லினிலிருந்த மருத்துவர் ப்ளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். ப்ளாக் ஒரு மீன் பேரினத்துக்கு ஜானியஸ் என்று அவர் பெயரையே வைத்தார். நம் குளத்து மீன்கள் புட்டியில் பெர்லின் போய்ச் சேர்ந்தபோது, உயிருள்ள மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் பொதுமக்களுக்குக் காட்டும் வழக்கம் ஐரோப்பாவில் இன்னும் தலையெடுக்கவில்லை. லண்டன் விலங்குக்காட்சி சாலையின் மீன்காட்சி 1853இல்தான் திறந்தது. சென்னை மெரினாவில் 1909இல் திறந்த மீன்காட்சியகம் ஆசியாவின் முன்னோடிகளில் ஒன்று. இரண்டாம் உலகப்போர் அதை மூட வைத்தது.

எந்த மரம் தண்ணீருக்கு ஆகும், எது ஆகாது என்பதில்தான் எங்கள் ஊர்க்காரர்களின் அறிவு ஆழமானது என்று நினைக்கிறேன். இலுப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த மரம். தேர் செய்ய உகந்த மரம். ஆனால் எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கைக் குளத்தில் கொட்டினால் மீன் செத்து மிதக்கும். இன்றைக்கும் மீன்பண்ணைகளில் குஞ்சு விடுமுன் வேண்டாத மீன்களைக் கொல்ல, ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்துக்கு 2,000 முதல் 2,500 கிலோ வரை இலுப்பைப் பிண்ணாக்கு போடுகிறார்கள். அதிலுள்ள நுரைக்கும் சத்து மீனின் செவுள் வழியாக இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை உடைக்கிறது. புங்கனின் வேரும் பட்டையும், ஆற்றங்கரையில் நிற்கும் நீர்க்கடம்பின் பட்டையும் மீனை மயக்கப் பயன்பட்டவை. அரளி, எருக்கு, கள்ளி எதையும் தண்ணீருக்குக் கிட்டே கொண்டுவர மாட்டார்கள். முத்துப்பேட்டை, பிச்சாவரம் சதுப்பில் நிற்கும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வேம்பு குளத்தில் ஊறும், கதவாகும்; மீன்தொட்டிக்கு நான் அதை வைக்க மாட்டேன். பூச்சியை விரட்டுகிற கசப்பு அதன் உடம்பெல்லாம் இருக்கிறது.

நல்ல மரங்களில் மருதத்தைத்தான் முதலில் சொல்வேன். திருவிடைமருதூர்க் கோயிலின் தலமரம். காவிரிக் கரை அரித்துப் போன இடங்களில் அதன் வேர்கள் தண்ணீருக்குள் தொங்கும். அந்த நிழலில் மீன் கூட்டம் நிற்கும். இன்று உலகம் முழுக்க மீன் வளர்க்கிறவர்கள் காசு கொடுத்து வாங்கித் தொட்டியில் போடுகிற நாட்டு வாதுமை இலை மருதத்தின் உறவுமரத்து இலை. இரண்டும் ஒரே பேரினம். இரண்டிலும் துவர்ப்புச் சத்து நிறைய. அந்தச் சத்து இறங்கிய தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். அதில் சில பூஞ்சைகள் அடங்குகின்றன. இருண்ட நீரில் வாழ்ந்து பழகிய மீன்கள் பதற்றமில்லாமல் நிறம் காட்டுகின்றன.

இத்தனையும் எப்படி அற்றுப்போனது? ஒரே நாளில் போகவில்லை. ஓட்டுவீடு மாறிக் கான்கிரீட் கூரை வந்தது, தூலத்துக்கு வேலையில்லை. மாட்டுவண்டி போனது. கதவுக்கு வெளிநாட்டு மரம் அறுத்த பலகையாகவே வந்தது. உள்ளூர் மரத்தையும் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்கி எடுத்தால் வண்டு வராது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். ஆனால் பெரிய அடி மீன் குத்தகையிலிருந்து வந்தது என்பது என் கருத்து. 1970களுக்குப் பின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு ஊர்க்குளங்களில் மீன் வளர்ப்பது பெருகியது. குத்தகை எடுத்தவர் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு வலை இழுக்க வேண்டும். கட்டை கிடந்தால் வலை கிழியும், முள் கிடந்தால் வலை கிழியும். எல்லாவற்றையும் வெளியே வாரிப் போட்டார்கள். ஊருக்கு ஏலத்தொகை வந்தது. அது பொய்யான இலாபம் என்று சொல்லமாட்டேன், அந்தப் பணத்தில் கோயில் திருவிழாவும் பள்ளிக் கட்டடமும் நடந்த ஊர்கள் உண்டு. ஆனால் அயிரைக்கும் உளுவைக்கும் பனையேறிக்கும் ஒதுங்க இடம் போயிற்று. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டைக்கு ஒதுக்கிடமே தேவையில்லை. வெறும் தரையில் குழி பறித்து, முட்டையை வாயில் அடைகாத்துக்கொள்ளும். வெறுமையான குளம் அதற்கு வசதியாகிவிட்டது.

குளத்திலிருந்து வெளியேறிய மரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வேறொரு வழியாகத் திரும்பி வந்தது. ஜப்பானியப் புகைப்படக்காரர் தகாஷி அமானோ, கல்லும் கட்டையும் நீர்ச்செடியும் கொண்டு தொட்டிக்குள் ஒரு நிலக்காட்சியையே அமைக்கலாம் என்று காட்டினார். 1992இல் வந்த அவருடைய புத்தகத்துக்குப் பிறகு மரக்கட்டை இல்லாத தொட்டி குறைபட்டதாகத் தோன்றத் தொடங்கியது. தஞ்சாவூர்க்காரர்களுக்குக் கண்ணாடிப் பெட்டியும் நீரில் விளைந்த பொருளும் புதிதில்லை. ஏரிக்கரை நெட்டியில் செதுக்கிய பெரிய கோயில் எத்தனை வீடுகளின் வரவேற்பறையில் கண்ணாடிக்குள் நிற்கிறது! 2020இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. தண்ணீரில் பிறந்த நெட்டியை உலரவைத்துப் பெட்டிக்குள் வைக்கிறோம். நிலத்தில் பிறந்த மரத்தை ஊறவைத்துத் தொட்டிக்குள் வைக்கிறோம்.

என் தொட்டிக்குக் கட்டை பழக்குவதில் அப்பாவின் முறையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்; குளத்துக்குப் பதில் பழைய மாட்டுத்தொட்டி. கொய்யாக் கிளை எனக்குப் பிடித்தது. கெட்டி மரம், பால் இல்லை, பிசின் இல்லை, முறுக்கும் கவையும் தானாகவே அமைந்திருக்கும். நாவலும் நல்லது. பச்சையாக வெட்டியதை நிழலில் நன்றாகக் காயவிட்டு, பட்டையைச் சுத்தமாக உரித்துவிட வேண்டும். பட்டைதான் முதலில் அழுகும். அடியில் பூச்சியும் பதுங்கும். பிறகு தேங்காய்நாரால் தேய்த்து, நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு அவிக்கிறேன். கொதிநீர் உள்ளே இருக்கும் முட்டை, புழுவைக் கொல்லும். மரத்தின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றை வெளியேற்றும். சாயத்தை விரைவாக இறக்கும். அண்டா பித்தளை அல்லது அலுமினியமாக இருக்கட்டும், இரும்பு வேண்டாம். மரத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் மை கறுப்பாகிவிடும். கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் நனைத்த துணியில் இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு எழுதுவது இந்த வேதியியலை வைத்துத்தான். ஈரக் கட்டையில் ஆணி அறையாதே என்று அப்பா பயல்களை அதட்டியதும் அதனால்தான்.

அவித்தபின் மாட்டுத்தொட்டியில் கல் ஏற்றி ஊறப்போட்டு, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுவேன். கொட்டுகிற தண்ணீரின் நிறம் வெளுத்துக்கொண்டே வரும். கல்லை எடுத்தபின்பும் கட்டை அடியில் படுத்திருந்தால் அது தயார். சோப்பு, பிளீச்சிங் பவுடர், வார்னிஷ் மூன்றும் அண்டக்கூடாது. வயல் வடிகாலில் கிடந்த கட்டையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், நான் எடுப்பதில்லை. பூச்சிமருந்து மரத்துக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்ல முடியாது.

தொட்டியில் வைத்த முதல் வாரங்களில் அதே வெள்ளைப் படலம் வரும். பயந்துபோய்க் கட்டையைத் தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். மிச்சமிருக்கும் இனிப்பைத் தின்ன வந்த நுண்ணுயிர்கள்தான் அவை. இனிப்பு தீர்ந்ததும் தாமே போய்விடும். நத்தை இருந்தால் இன்னும் சீக்கிரம். தண்ணீரின் பழுப்பு பிடிக்காதவர்கள் வடிகட்டியில் கரித்தூள் பை வைத்துக்கொள்ளலாம். உப்புச்சத்து மிகுந்த கடினத் தண்ணீரில் துவர்ப்பு இறங்கினாலும் அமிலத்தன்மை பெரிதாக ஏறாது. மென்மையான தண்ணீரில் ஏறும், அதனால் கட்டை வைத்த புதிதில் சோதித்துப் பார்ப்பது நல்லது. மாதம் ஒருமுறை கட்டையைத் தூக்கி அடியைப் பார்க்கிறேன். மணல் கறுத்து, முட்டை நாற்றம் வந்தால் அங்கே கழிவு தேங்கிக் காற்றோட்டம் நின்றிருக்கிறது என்று பொருள். நகத்தால் கீறும்போது மரம் மாவாக வந்தால் அதன் ஆயுள் முடிந்தது, செடிக்கு உரமாகப் போடலாம். கட்டையடியில் இப்போது ஒரு பனையேறிக் கெண்டை குடியிருக்கிறது. மேலே மூடி போட்டிருக்கிறேன். மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் காற்றுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

பாசி தின்னட்டும் என்று பலர் தென் அமெரிக்கச் சக்கர் மீனை வாங்கிக் கட்டையில் விடுகிறார்கள். உள்ளங்கை நீளத்தில் வாங்கியது முழங்கை நீளத்துக்கு வளர்ந்ததும் தொட்டி போதாமல் வாய்க்காலில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. வலையை அறுக்கிறது, மற்ற மீனின் இரையைப் பிடுங்குகிறது. தயவுசெய்து அதை ஆற்றில் விடாதீர்கள். முத்துப்பேட்டைக் காட்டிலிருந்து யாரும் அலையாத்தி வேரைக் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். உங்கள் கொல்லைக் கொய்யா போதும். ஊரில் வயதான ஆசாரி இருந்தால் எந்த மரத்தை எவ்வளவு காலம் ஊறப்போட்டார் என்று கேட்டு எழுதி வையுங்கள். டெல்டா ஊராட்சிகளில் மீன் ஏலம் நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. குளத்தில் ஒரு மூலையை மட்டும் குத்தகையிலிருந்து விலக்கி, நாலு கட்டையும் கொஞ்சம் கருவேல முள்ளும் போட்டு, வலை இழுக்காமல் விட்டுவிடுங்கள். அதற்குச் செலவும் அதிகமில்லை, ஏலத்தொகையும் பெரிதாகக் குறையாது. நாட்டு மீன் தானாகவே வந்து சேரும்.